கட்டாயமற்ற செலவு

எங்கள் கட்டடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஆனால் சார்' என்றுதான் சொல்வார்கள். தொழில் கணக்குத் தணிக்கை. எந்தக் கணக்கைப் பார்த்தாலும் "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனால்" என்று தொடங்குவார். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் எதிரே நிற்பவர் உட்கார்ந்துகொள்வது நல்லது. ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கீழே டீக்கடைக்குப் போனோம். பில்லை வாங்கிப் பார்த்தார். "கூட்டல் சரி, ஆனால் ஒரு டீயை விட்டுட்டாங்க" என்று கடைக்காரரைக் கூப்பிட்டு, கேட்காத காசைக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அன்று முதல் சாரைக் கண்டால் அவருக்குப் பயம்.

நான் பத்திரம் எழுதுகிறவள். அவரும் நானும் ஒரே அறையைப் பாதிப் பாதியாக வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பாதி எனக்கு, பின்பாதி அவருக்கு, நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்பு கூரைவரை எட்டாது. அவர் போனில் பேசுவது எனக்குக் கேட்கும். பத்திரம் எழுத வரும் கட்சிக்காரர்களை நான் திட்டுவது அவருக்குக் கேட்கும். ஆகவே இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். பாதி ஒட்டுக்கேட்டது, மீதியைப் பிறகு அவரே சொன்னார்.

அவரை நல்லவர் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் நல்லவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. கையெழுத்துப் போடும்போது கை நடுங்காது, அதுவே அவர்களுக்குப் பெரிய பெருமை. அந்தக் காகிதம் வெளியே போய் யார் தலையில் விழுகிறது என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவர் பார்த்தார். பார்க்கும்படி ஆயிற்று.

அவரிடம் வருகிறவர்கள் எல்லாம் சின்ன இடத்துக்காரர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள், ஒரு நீச்சல் கிளப், ஒரு பால் கூட்டுறவுச் சங்கம், இரண்டு மூன்று பள்ளிக்கூடங்கள். பெரிய கம்பெனி எப்போதாவது வரும், மறுவருஷம் வராது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது அவருக்கு வேதம். வருமானம் அளந்துதான் வந்தது. மனைவிக்குப் பள்ளி நூலகத்தில் வேலை இருந்ததால் வண்டி ஓடிற்று.

பிள்ளை கிடையாது. அந்த இடத்தில் மனைவியின் தம்பி இருந்தார். அம்மா இல்லாத வீட்டில் அக்கா தூக்கி வளர்த்த தம்பி. கல்யாணமாகி வரும்போது சீதனமாக அவனையும் அழைத்து வந்தேன் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வார். தம்பிக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எங்கள் கட்டடத்து லிஃப்டும் அவர் பொறுப்புதான், அதனால் எங்களுக்கெல்லாம் அவர் 'லிஃப்ட் தம்பி'. "அத்தான் ஆளைக் கீழ இறக்குவார், நான் மேல ஏத்துவேன், குடும்பமே ஒரு பொதுச்சேவை" என்பார். லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவார். பாட்டு ஆறாவது மாடிவரை கேட்கும், அவ்வளவு கர்ணகடூரம்.

அப்படி நின்று நின்றுதான் கால் வீங்குகிறது என்று எல்லோரும் நினைத்தோம். பரிசோதனை செய்தபோது இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. வயது முப்பத்து நாலு. மாற்றுச் சிறுநீரகத்துக்கு அக்காவுடையது பொருந்தவில்லை. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நாற்காலியில் போய் உட்கார வேண்டும், ஒவ்வொரு முறையும் அரைநாள். ஒரு முறைக்கு ஆகும் செலவு அவருடைய ஒரு வாரச் சம்பளம். இதை எந்தத் தணிக்கையாளரும் ஒப்பேற்ற முடியாது.

ஒப்பேற்றியது ஓர் அறக்கட்டளை. அந்த மருத்துவமனைக்காகவே நிதி திரட்டும் அறக்கட்டளை அது. மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட அலுவலகம். வசதியில்லாத கொஞ்சம் பேருக்கு டயாலிசிஸ் செலவு முழுவதையும் கட்டிவந்தது. லிஃப்ட் தம்பிக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது. கிடைத்த அன்று சாரின் மனைவி எங்கள் மாடி முழுக்க மிட்டாய் கொடுத்தார். நாலு வருஷம் தம்பி அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வந்து, மற்ற நாட்களில் லிஃப்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, பாடிக்கொண்டு இருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரம்மா. இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சிநேகமானவர்கள்.

அப்புறம்தான் அந்த வேலை சாரிடம் வந்தது. நன்கொடை வாங்கும் அமைப்புகளை ஆராய்ந்து நட்சத்திரம் போடுகிற சங்கம் ஒன்று உண்டு. ஐந்து நட்சத்திரம் வாங்கின அமைப்புக்கு ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள். அந்தச் சங்கம் இந்த அறக்கட்டளையின் வரவு செலவையும் வெளிப்படைத்தன்மையையும் மதிப்பிட்டுத் தரும்படி சாரைக் கேட்டது. யார் முகத்துக்காகவும் எழுதாதவர் என்று யாரோ சிபாரிசு செய்திருக்கிறார்கள். வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு பெரிய இடம் அவரைத் தேடி வந்தது. அவர் முகத்தில் வெளிச்சம் தெரிந்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் மனைவி ஒரே பிடியாக வேண்டாம் என்றார்.

"நம்ம பையன் உட்கார்ற நாற்காலிங்க அது. நீங்க எதுக்கு அங்க போய் நோண்டணும்? முடியாதுன்னு சொல்லிடுங்க."

"நான் இல்லன்னா வேற ஒருத்தன் வருவான். வவுச்சரைக்கூடப் பிரிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடுவான்."

"போடட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

பதில் இல்லாத கேள்வியை அவர் முக்கியமில்லாத கேள்வி என்று எடுத்துக்கொள்வார். தன் மனைவியின் தம்பி இந்த அறக்கட்டளையால் பயனடைபவர் என்று சங்கத்துக்கு எழுதித் தெரிவித்தார். இத்தோடு விடுவார்கள் என்று அந்த அம்மாள் நம்பினார். சங்கமோ, இப்படி முன்கூட்டியே சொல்கிறவர்தான் எங்களுக்கு வேண்டும் என்று பதில் போட்டுவிட்டது. "குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சொல்வாங்க சார், பார்த்துக்குங்க" என்று நான் தடுப்புக்கு இந்தப் பக்கத்திலிருந்து சொன்னேன். "பழமொழியை வெச்சுத் தணிக்கை பண்ண முடியாதும்மா" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து.

உறவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டாரா, இனி ஒரு தராசுத் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது உறவுப் பக்கம் சாய்ந்ததாகிவிடக் கூடாது என்ற பயம் வந்துவிட்டது. மற்ற இடத்தில் ஒரு தடவை பார்ப்பதை இங்கே மூன்று தடவை பார்த்தார்.

அங்கே திருட்டு ஒன்றும் இல்லை. இதைக் கேட்டால் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. செயலாளர் அம்மாள் சாவிக்கொத்தையே மேஜைமேல் வைத்துவிட்டு, "எங்ககிட்ட மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல சார், எதை வேணும்னாலும் பாருங்க" என்றாராம். உண்மையாகவே மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் நமக்குத் தெரிந்த வழக்கம். இவர்கள் பூசணிக்காயை இலையின் நடுவிலேயே வைத்திருந்தார்கள். யாரும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் இது. நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போன் செய்ய ஒரு கம்பெனியை அமர்த்தியிருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குக் கொடுக்கிற பணம்தான் அறக்கட்டளையின் மிகப் பெரிய செலவு. ஆனால் போன் பேசுகிற பெண்கள் கடைசியில் ஒரு வாக்கியம் சொல்வார்கள்: "உப்பைக் குறைச்சுக்குங்க, வருஷத்துக்கு ஒருதரம் ரத்தத்தைப் பரிசோதனை பண்ணிக்குங்க." இந்த ஒரு வாக்கியத்துக்காக மொத்தப் போன் செலவில் பெரும்பங்கை 'மருத்துவ விழிப்புணர்வு' என்று நோயாளிகள் நலனில் சேர்த்திருந்தார்கள். நிதி திரட்டும் ஓட்டப் பந்தயத்துக்கு அடித்த பனியன்களின் முதுகிலும் அதே வாக்கியம். ஆகவே பனியனும் நோயாளிகள் நலன். பெரிய மனிதர்களுக்கு வைத்த விருந்தில் சாப்பாட்டு அட்டையின் பின்பக்கம் அதே வாக்கியம். விருந்தும் நோயாளிகள் நலன். எல்லாவற்றையும் கூட்டி, நூற்றுக்கு எழுபத்திரண்டு நோயாளிகளுக்கே போகிறது என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். சட்டப்படி அதில் தப்பு இல்லையாம். கணக்கு விதியே அப்படி இடம் கொடுக்கிறதாம்.

சார் ஒரு நாள் முழுக்கக் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறார். முக்கால்வாசிப் பேர் அந்த உப்பு வாக்கியம் வருவதற்கு முன்பே போனை வைத்துவிடுகிறார்கள். அப்படியானால் அது விழிப்புணர்வு இல்லை என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் நோயாளிகள் கணக்கிலிருந்து வெளியே எடுத்தார். நாற்காலிகளுக்குப் போகிற பணம் மட்டும் உள்ளே நின்றது. நூற்றுக்குப் பதினெட்டு.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்வார்களே, அதைவிடக் கேவலம். எனக்கு ரத்தம் கொதித்தது. "எழுதுங்க சார், விடாதீங்க" என்று தடுப்பைத் தட்டினேன். கோபப்படுவது எனக்கு சுலபம். என் வீட்டில் யாருக்கும் சிறுநீரகம் கெடவில்லை.

எழுதினார். காற்புள்ளிகூடத் தள்ளிப்போகாத அறிக்கை. பதினெட்டு என்பதை முதல் பக்கத்திலேயே போட்டார். கடைசிப் பக்கத்தில் ஐந்து பரிந்துரைகள். முதல் இரண்டும் செலவை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்பது. மூன்றாவது, வெளியிட்ட அறிக்கை எதையும் பிறகு திருத்தக் கூடாது என்பது. நாலாவது என்னவோ, மறந்துவிட்டேன். ஐந்தாவது: 'நிதி நிலைமை சீரடையும்வரை கட்டாயமற்ற செலவுகளை நிறுத்திவைப்பது உசிதம்.'

இந்த ஐந்தாவது வாக்கியம் புதிதாக யோசித்து எழுதியது அல்ல. அவர் எழுதும் எல்லா அறிக்கையும் அதில்தான் முடியும். நீச்சல் கிளப்புக்கு அப்படி எழுதினால் அவர்கள் ஆண்டு விழாவை நிறுத்துவார்கள். குடியிருப்புச் சங்கம் வாசலில் செயற்கை நீரூற்று கட்டுவதை நிறுத்தும். பால் சங்கம் தலைவருக்குப் புதுக் கார் வாங்காது. எங்கே எழுதினாலும் அது நல்லதையே செய்தது. கை தன்னால் எழுதிற்று, கடிதத்தின் முடிவில் 'இப்படிக்கு' எழுதுவதைப்போல.

அறிக்கை வெளியானது. ஐந்து நட்சத்திரம் இரண்டாயிற்று. செய்தியில் வந்தது. டீக்கடையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கடைக்காரரே அன்று பயப்படாமல் சிரித்தார். அறக்கட்டளைக்கு வரும் நன்கொடை அடுத்த மாதத்திலேயே பாதிக்கும் கீழே போயிற்று. ஜனங்கள் கொடுப்பதற்கு ஆயிரம் தடவை யோசிப்பார்கள், நிறுத்துவதற்கு ஒரு செய்தி போதும்.

அறங்காவலர்கள் கூடினார்கள். அறிக்கையை மறுக்கவில்லை, வழக்குப் போடவில்லை. ஐந்து பரிந்துரைகளையும் அப்படியே ஏற்பதாகத் தீர்மானம் போட்டு, அதையும் வெளிப்படையாகத் தங்கள் இணையதளத்தில் போட்டார்கள்.

அதன் பொருள் என்ன என்பதை லிஃப்ட் தம்பிதான் முதலில் தெரிந்துகொண்டார். நாற்காலியில் உட்காரப் போனபோது நர்ஸ் சொன்னாராம், அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் நீங்களே கட்ட வேண்டும் என்று. காரணம் கேட்டதற்குச் சுவரில் ஒட்டியிருந்த தீர்மானத்தைக் காட்டியிருக்கிறார். தம்பி நின்று முழுசாகப் படித்துவிட்டு, அங்கிருந்து நேராக எங்கள் கட்டடத்துக்கு வந்தார். கையில் ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு பின்பாதிக்குள் போனார்.

"அத்தான், அஞ்சாவது பரிந்துரை நீங்க எழுதினதா?"

"ஆமா. ஏன்?"

"அதுல நாங்கதான் வர்றோமாம்."

சார் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே தெரிந்தது.

"அது விருந்துக்கும் பந்தயத்துக்கும்டா. நான் அதை நெனச்சுத்தான்..."

"எனக்குத் தெரியாதா அத்தான்? சும்மா சொன்னேன். அந்தப் பதினெட்டுன்னு போட்டிருந்தீங்களே, அது ஒரு ஆளா வந்து இப்படி எதிர்ல நிக்கும்னு நீங்க எதிர்பார்க்கல. நான்தான் அது." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அவருக்கு எல்லாவற்றிலும் ஒரு வேடிக்கை தெரியும். எனக்கு அன்று தெரியவில்லை.

மறுநாள் சார் செயலாளர் அம்மாளைப் பார்க்கப் போனார். துணைக்கு என்னையும் அழைத்தார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அதுதான்.

செயலாளர் அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார். கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எனக்கு மட்டும் சந்தோஷமா சார்? அந்த லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் நான்தான் சேர்த்தேன். இப்ப சொல்லுங்க, எதை நிறுத்தட்டும்?"

"விருந்தை நிறுத்துங்க. போன் கம்பெனியை நிறுத்துங்க."

"போன் கம்பெனியோட அஞ்சு வருஷ ஒப்பந்தம் இருக்கு. நடுவுல நிறுத்தினா மீதி வருஷத்துப் பணத்தை மொத்தமாக் கட்டணும். விருந்துக்கு மண்டபம், பந்தயத்துக்கு ஆளுங்க, எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டாச்சு. வாடகை கட்டலன்னா ஆஸ்பத்திரியே எங்களை வெளிய அனுப்பிடும். சம்பளம் நிறுத்தினா கோர்ட்டு. எல்லா ஒப்பந்தத்தையும் நீங்கதானே சார் படிச்சுப் பார்த்து டிக் போட்டீங்க?"

போட்டிருந்தார். அவருடைய சிவப்பு டிக் ஒவ்வொரு ஒப்பந்தத்தின் ஓரத்திலும் இருந்தது. கட்டாயச் செலவு என்றால் அவர் தொழிலில் ஒரே அர்த்தம்தான்: சட்டமோ கையெழுத்தோ கட்டிப்போட்டிருக்கிற செலவு. அறக்கட்டளை எல்லோரிடமும் கையெழுத்துப் போட்டிருந்தது. நோயாளிகளிடம் மட்டும் போடவில்லை. உதவிக்கு யார் ஒப்பந்தம் எழுதுவார்கள்? நானே ஒரு பத்திரம் எழுதுகிறவள், எனக்கே அது தோன்றியதில்லை. ஆக, அந்தப் பெரிய நிறுவனத்தில் கட்டாயமற்ற செலவு என்று இருந்தது அந்த நாற்காலிகள் மட்டும்தான்.

"அந்த அஞ்சாவது வரியை நான் எடுத்துடறேன். எழுதிக் கொடுக்கறேன்."

"வெளியிட்ட அறிக்கையைத் திருத்தக் கூடாதுன்னு மூணாவது பரிந்துரை சார். அதையும் ஏத்துக்கிட்டோம்."

சார் தலையை ஆட்டினார். எதிராளி சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவது அவர் பழக்கம். அந்த நேரத்திலும் ஆட்டினார் பாருங்கள், அப்போது அந்த மனிதரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

நட்சத்திரச் சங்கத்துக்குப் போன் செய்தார். திருத்தம் எதுவானாலும் அடுத்த வருஷ மதிப்பீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்தக் கதையில் மரியாதைக்குக் குறைவே இல்லை.

அப்புறம் குடும்பம் தானே செலவைச் சுமந்தது. சார் கிடைத்த வேலையெல்லாம் எடுத்தார். முன்பு வாசலோடு திருப்பி அனுப்பிய கடைக்காரர்களுக்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்தார். மனைவி சம்பளத்தில் முன்பணம் வாங்கினார், வளையலைக் கழற்றினார். எல்லாம் சேர்ந்து வாரத்துக்கு இரண்டு முறைக்குத்தான் வந்தது. தையல்காரம்மாவுக்கு ஒரு முறைக்குக்கூட வரவில்லை. அவர் வருவதை நிறுத்தினார். அவர் நாற்காலியில் பணம் கட்டுகிற ஒருவர் வந்து உட்கார்ந்தார். தையல்காரம்மா என்ன ஆனார் என்று தம்பி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். அன்றைக்கு அவர் பாடவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்டடம், அடுத்த தெரு, சாரின் பழைய சங்கங்கள் என்று வாரத்தின் மூன்றாவது டயாலிசிஸுக்காக வசூல் கேட்டுப் போனேன். எனக்கு வாய் இருக்கிறது, வெட்கம் கிடையாது, எப்படியும் திரட்டிவிடலாம் என்ற தைரியம். ஒரு குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பொறுமையாகச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நம்ம ஆனால் சார் எழுதின அறிக்கையை முழுசாப் படிச்சேன். நூத்துல பதினெட்டுதான் போகுதாமே! அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம், இனிமே யாருக்கும் நன்கொடை கிடையாதுன்னு."

இது அவருடைய மச்சினருக்குத்தான் என்றேன். ஐயோ பாவம் என்றார். தீர்மானம் போட்டாகிவிட்டது என்றார். எல்லா வாசலிலும் ஏறக்குறைய இதே பேச்சுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள். இங்கே குரங்கு இறங்கி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. திரட்டியதை எண்ணினால் இரண்டு முறைக்குக் காணும். அதைச் சாரிடம் கொடுத்தபோது ரசீது எழுதிக் கொடுத்தார். கிழித்து அவர் முன்னாலேயே போட்டேன். அப்புறம் அழுதேன்.

தம்பி மட்டும் ஒன்றுமே கேட்கவில்லை. முகம் உப்பிப்போய், இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். எங்கள் லிஃப்டைப் பார்க்க வரும்போது என் பாதியில் வந்து கொஞ்ச நேரம் உட்கார்வார். தாகமாக இருக்கும், தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிறாராம்.

"ரெண்டு தடவை போதுமா தம்பி? டாக்டர் என்ன சொல்றாரு?"

"போதாதுன்னுதான் சொல்றாரு."

"உங்க அத்தான்கிட்டச் சொல்றதுதானே? இன்னும் எங்கயாவது கடன் வாங்கட்டும்."

"வாங்கினதே அவருக்குத் தலைக்கு மேல இருக்கு. சும்மா இருங்கக்கா, லிஃப்ட் வந்துடுச்சு" என்று எழுந்து போனார். வந்தது லிஃப்ட் இல்லை, அவர் அதை அணைத்து வைத்திருந்தார். பேச்சை மாற்ற அவருக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு முறைகளுக்கு நடுவே ஒரு நீண்ட இடைவெளி வரும். அப்படி ஓர் இடைவெளியில், பகலில், அக்கா பள்ளிக்கூடத்திலும் அத்தான் ஒரு கடையின் கணக்கிலும் இருந்தபோது தம்பியின் இதயம் நின்றுவிட்டது. வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்திருக்கிறார். கதவைத் தாழிடாமல் வைத்திருந்தார்.

கொஞ்ச நாளில் நட்சத்திரச் சங்கம் அறக்கட்டளைக்கு ஒரு நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஐந்து பரிந்துரைகளையும் குறித்த காலத்துக்குள் நிறைவேற்றியதற்கு. போன் கம்பெனி இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறது. நாற்காலிகளுக்குக் கட்டுவது மட்டும் இன்னும் தொடங்கவில்லை, முதலில் கையிருப்பு சேர வேண்டுமாம். அடுத்த மதிப்பீட்டையும் நீங்களே செய்து தர வேண்டும் என்று சங்கம் சாருக்கு எழுதியது. அவர் பதில் எழுதவில்லை. வேறு யாரோ போனார்கள். அவர்கள் வவுச்சரைப் பிரித்துப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

நான் அவர்கள் வீட்டுக்கு அடிக்கடி போனேன். தம்பியின் கருவிப்பெட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் கூடத்திலேயே வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் சாரைத் திட்டுவார், மண்டையை உடைப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் செய்திருப்பேன். அவர் வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார், சட்டைக்கு இஸ்திரி போட்டார், பேச்சு மட்டும் இல்லை. சார் அதைவிட மோசம். எதிரே உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். பொய் எழுதியிருந்தால் மன்னிப்புக் கேட்கலாம். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை, எதற்கென்று கேட்பார்?

ஒரு சாயங்காலம் நான் கிளம்ப எழுந்தபோது அந்த அம்மாள் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. நூலகத்தில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏங்க, அந்தக் கட்டாயமற்ற செலவுன்னா என்ன? சரியா எனக்குப் புரியற மாதிரிச் சொல்லுங்க."

சார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

"கொடுக்கலன்னா... ஏன் கொடுக்கலன்னு யாரும் வந்து கேக்க முடியாத செலவு."

அந்த அம்மாள் தம்பியின் கருவிப்பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"அவன் கேக்கமாட்டான்" என்றார். "சின்னப் பிள்ளையிலேயே, பசிச்சாக்கூடக் கேக்கமாட்டான்."